சரியான கடவுச்சொல்

கடவுச்சொல் பிழையென்றால் சொல்லியிருக்கும்.
பெட்டி ஒருமுறை இடவலமாய்த் தலையாட்டும், புள்ளிகள் அழியும்,
நாங்களும் கேப்ஸ் லொக்கைப் பார்த்துவிட்டு
மறுபடி தட்டுவோம்.

இது அப்படியில்லை.
ஹம்ஸியா தட்டுகிறாள். எட்டுப் புள்ளி. என்டர்.
திரை கறுக்கிறது. உள்ளே எடுத்துவிட்டது என்று
கதிரையை முன்னுக்கு இழுக்கிறாள்.
மறுபடி அதே நீல மலை, அதே மணிக்கூடு,
அதே அவளுடைய பெயர், கீழே வெறும் பெட்டி.
"நான் பிழையா அடிக்கல்ல நானா."

டொக்யார்ட் வீதி, நொத்தாரிசு அலுவலகம், மேல்மாடி.
கீழே நடுவீதியில் அசையாமல் நின்ற மானுக்கு
ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.
வாங்கில் சம்பூரிலிருந்து வந்த ஒருவர்,
மடியில் பிளாஸ்டிக் பை, பைக்குள் பழைய உறுதி,
உறுதிக்குள் அவர் காணியின் நான்கு எல்லைகள்.
புதிய உறுதியின் வரைபு அவளுடைய கணக்கில் கிடக்கிறது.
ஒன்றரைக்கு அவருக்கு பஸ்.

இந்த வாசல் நிரலை எனக்குப் பிடிக்கும்.
மின்சாரம் வந்ததும் எழும்புகிற கூட்டத்தில்
முகம் கழுவிக்கொண்டு முன்னுக்கு நிற்பது இது ஒன்றுதான்.
உள்ளே ஒருவருமே இல்லாத நேரத்திலும்
யாருக்கென்று தெரியாமல் ஒரு படம் போட்டு வைத்திருக்கும்.
கிண்ணியாப் பாலத்தைப் போடச் சொல்லி ஹம்ஸியா கேட்டாள்.
கட்சிக்காரர் வருகிற இடம், ஊர்ப்படம் போட்டால்
ஏன் அந்த ஊர் என்று வரும் என்றார் நொத்தாரிசு.
அதனால் எவருக்கும் சொந்தமில்லாத அந்த நீல மலை.

நாம் உள்ளே போன பிறகும் அது போவதில்லை.
வெளியே வரும்வரை பின்னால் நிற்கும்,
திரும்ப யாரென்று கேட்பதற்கு.

மூன்றாம் தடவையும் அவளைத் தள்ளிவிட்டபோது
வாங்கிலிருந்தவர் சொன்னார்:
"அடையாள அட்டை எல்லாம் சரியெண்டு பாத்துப்போட்டுத்தான்
எங்களையும் திருப்பி அனுப்பினவங்கள்."
குறையாகச் சொல்லவில்லை. மழை வரும் என்பதுபோலச் சொன்னார்.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று.
மலை போனது. மணிக்கூடு போனது.
கறுப்பில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் துடித்தது.
இங்கும் பெயர் கேட்கும், சொல் கேட்கும்,
தட்டுவதற்குப் புள்ளிகூடப் போடாது.
அவளுடைய வீட்டுக்குள் போனேன்
(அந்த அடைவுக்குப் பெயரே வீடுதான்).
புள்ளியில் தொடங்கும் கோப்புகள்
சும்மா பார்த்தால் தெரியாது. தெரியவைத்துப் பார்த்தேன்.
வரிக்கு வரி ஹம்ஸியா, ஹம்ஸியா, ஹம்ஸியா,
ஒரேயொரு வரியில் ரூட்.

நூறு எழுத்துக்கூட வராத கோப்பு.
திரைக்குக் காட்டவேண்டிய சீட்டு.
அவளுடைய வீடு, அவளுடைய அலுமாரி,
சீட்டு மட்டும் வேறொருவர் பெயரில்.
வாசல் அவளை ஒவ்வொரு முறையும் விட்டுத்தான் இருக்கிறது.

திகதியைப் பார்த்தேன். போன செவ்வாய், மூன்று பத்து.
போன செவ்வாய் மூன்று பத்துக்கு
பிரிண்டர் நின்றுபோக, அவள் கணக்கில் இருந்துகொண்டே
பெரிய அதிகாரத்தை எடுத்து ஜன்னலொன்றைத் திறந்த கை
என்னுடையது.
நிலாவெளியில் இன்னொரு வேலை இருந்தது. அவசரம்.

உரிமையாளரை மாற்றும் கட்டளை, ஒரு வரி. என்டர்.
ஒன்றும் சொல்லவில்லை. காரியம் நடந்துவிட்டால் அது பேசாது.
சம்பூர்க்காரர் எழும்பி வந்து எட்டிப் பார்த்தார்.
"பெயர் மாறிக் கிடந்தது ஐயா, திருத்தியாச்சு."
"ஒரு வரியிலயா?"
அவருடைய முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எஃப் ஏழு. நீல மலை. எட்டுப் புள்ளி.
இந்தமுறை கறுப்புக்குப் பிறகு அவளுடைய கோப்புகள்,
மகளின் படம், பாதியில் நின்ற வரைபு.
பிரிண்டர் முனகித் தொடங்கியது.

"என்ன பிழை நானா?"
"பழைய மெஷின்" என்றேன்.
நொத்தாரிசு ஆயிரம் ரூபாய் நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.

மான் இன்னும் நடுவீதியில்தான் நின்றது.
ஹோர்ன் அடிக்கிற வாகனம்தான் மாறியிருந்தது.